காரைக்கால் மொட்டை மாடியில் இரண்டு பிறைகள்

தொலைநோக்கி உடையாமல், தோழியின் வகுப்பு கலையாமல் ஊர் திரும்பிவிட்டேன். இரண்டில் எது போயிருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கை வந்திருக்காது. வகுப்பு கலையத்தான் பார்த்தது என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்று கருவியும் கையுமாக வெளியூர் கிளம்ப நினைக்கும் ஆசிரியர்களுக்கு இது உதவலாம்.

நான் மாயவரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜைனபு என்னோடு தஞ்சாவூரில் ஆசிரியப் பயிற்சி படித்தவள். கல்யாணமாகிக் காரைக்கால் போனபின் வேலைக்குப் போகவில்லை. ஆனால் தெருவில் பெரியவளானதும் பள்ளியை விட்டு நின்ற ஆறு பெண்களை வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்துகிறாள். அவளுடைய மாமியார் மைமூன் அம்மாள் இதற்கு ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். பெண்கள் படிக்கட்டும், ஆனால் ஊர் பேசும்படி ஒன்று நடந்தால் அன்றோடு வகுப்பு மூடப்படும்.

ஏப்ரல் கடைசியில் ஜைனபுவின் கடிதம் வந்தது. புத்தகத்தில் கிரகங்கள் பாடம் வந்ததாம். கிரகமும் பூமி மாதிரி ஒரு உருண்டை என்று சொன்னால் பெண்கள் சிரிக்கிறார்களாம். "புள்ளியா இருக்கிறதை உருண்டைன்னா எப்படி அக்கா நம்புறது என்று கேட்கிறார்கள். நீ வந்து ஒரு தடவை கண்ணால் காட்டிவிட்டுப் போ" என்று எழுதியிருந்தாள். எங்கள் பள்ளியில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி இருக்கிறது. மூன்றடி நீளம், முன்கண்ணாடி இரண்டு அங்குலம். கோடை விடுமுறையில் அலமாரியில் சும்மாதான் கிடக்கும். தலைமையாசிரியை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். உடைந்தால் என் தலை என்பது அந்தக் கையெழுத்தின் பொருள்.

நாள் குறித்தது நான்தான். இந்த ஐம்பத்தாறாம் வருஷம் மே மாதத்து மாலைகளில் வெள்ளி கிரகம் மேற்கே மிகப் பிரகாசமாக நின்றது. தொலைநோக்கியில் அது பிறை வடிவமாகத் தெரியும் காலமும் அதுவே. மே பதினொன்று வெள்ளிக்கிழமை வசதி என்று எழுதினேன். அன்று நோன்பு இருபத்தொன்பது, பிறை பார்க்கிற நாள், பெண்கள் எல்லோரும் எப்படியும் மாடியில்தான் இருப்பார்கள், ரொம்ப நல்லது என்று ஜைனபு பதில் போட்டாள். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து யோசித்த லட்சணம் இது.

மாயவரத்தில் காலை 10.10க்கு ரயில் ஏறினேன். காரைக்காலுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு பன்னிரண்டு அணா. தொலைநோக்கிப் பெட்டிக்குத் தனியாக நாலு அணா. பெட்டி நீளமாக, குறுகலாக இருந்ததால் சீட்டு கொடுத்தவர் வீணையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மரியாதையாவது கிடைத்திருக்கும். பதினோரு மைல் தள்ளிப் பேரளத்தில் இறங்கி ஐம்பது நிமிஷம் காத்திருந்து காரைக்கால் வண்டி பிடிக்க வேண்டும். பேரளத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, நிழல் இல்லை. குடை கொண்டுபோங்கள்.

அங்கிருந்து பதினாலரை மைல். பிரெஞ்சுக்காரர்கள் போய், எல்லையில் சுங்கச் சோதனை நீங்கி ஒன்றரை வருஷமாகிறது. ஆனாலும் முன்பு சோதனை நடந்த அம்பகரத்தூர் ஸ்டேஷன் வந்ததும் எனக்கு எதிரே இருந்த அம்மாள் தன் பையைத் தானே திறந்து மடிமேல் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை என்று உறைத்ததும் வெட்கப்பட்டு மூடினார். எனக்கும் என் பெட்டியின் சாவியைத் தேடிக் கை போனது உண்மை. அந்தச் சோதனை இருந்த காலமாக இருந்தால் பித்தளைக் குழாயும் கண்ணாடியுமாக என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.

1.05க்குக் காரைக்கால். ஸ்டேஷனிலிருந்து ஜைனபு வீடு ஒரு மைல். குதிரை வண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினார். மேரி வழியாகப் போகலாம் என்றார். நகராட்சி அலுவலகத்துக்கு இன்னும் அந்தப் பிரெஞ்சுப் பெயர்தான். பெட்டியில் என்ன என்று விசாரித்தார். கிரகங்களைப் பெரிதாகக் காட்டும் கருவி என்றேன். வண்டியை மெதுவாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சனியும் தெரியுங்களா?"

"தெரியும். ராத்திரி எட்டு மணிக்குக் கெழக்கே வரும்."

"திருநள்ளாறு பக்கத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பேசுறீங்களே! தூர இருக்கிறப்பவே இந்தப் பாடு படுத்துறாரு. நீங்க கிட்ட இழுத்து வேற பாக்கப் போறீங்களா?"

இழுப்பதெல்லாம் இல்லை, கண்ணாடி செய்கிற வேலை மட்டும்தான் என்று விளக்கினேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. இறங்கும்போது பெட்டியைத் தொடாமல் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மைமூன் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். ஆனால் அந்தக் குரல் வாசலைத் தாண்டிப் போனதில்லை என்று ஜைனபு சொல்லியிருந்தாள். என்னை அன்போடு வரவேற்றார். நோன்பு வீட்டில் எனக்கு மட்டும் இலை போட்டுச் சோறு பரிமாறினார். நான் மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை.

"பயணம் வந்த புள்ள பட்டினி கெடக்கக் கூடாது. நல்லா சாப்பிடுங்க டீச்சரம்மா." பெட்டியைக் கண்ணால் காட்டினார். "அதால ஒரு வம்பும் வராதுல்ல?"

"வராதுங்க அம்மா" என்றேன் வாய்நிறையச் சோற்றோடு.

நாலரை மணிக்கு ஆறு பெண்களும் வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் பாடத்தைத் தொடங்கினேன். நிலா ஏன் நம் தலையில் விழவில்லை என்பதுதான் முதல் கேள்வி. ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றினேன். தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. செம்பு நேரே ஓடத்தான் பார்க்கிறது, கயிறு விடாமல் உள்ளே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சுற்றுகிறது என்றேன். நிலாவுக்குக் கயிறு எங்கே என்றாள் ஒருத்தி. பூமியின் ஈர்ப்புதான் கயிறு, அது கண்ணுக்குத் தெரியாது. சூரியன் தன் ஈர்ப்பால் நம்மையும் வெள்ளியையும் வியாழனையும் அதேபோலப் பிடித்துவைத்திருக்கிறது. இந்த அளவுக்குப் பாடம் நன்றாகவே போனது. நோன்பு வயிற்றோடு இருந்த பெண்களுக்கு முன்னால் தண்ணீரைச் சுழற்றியது மட்டும் யோசனையற்ற காரியம். வாசற்படியிலிருந்து மைமூன் அம்மாள் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

6.27க்குச் சூரியன் மறைந்தது. நோன்பு திறந்து, தொழுது முடித்து, 6.40க்கு ஆறு பெண்களும் நானும் மாடிக்கு வந்தோம். ஆண்கள் பள்ளிவாசல் பக்கம். மேற்கே அடிவானத்தில் கோடை மேகம் பாய் விரித்தாற்போல் கிடந்தது. பக்கத்து மாடிகளிலும் பெண்கள் அந்த மேகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கவலையில்லை. என் சரக்கு மேகத்துக்கு மேலே நல்ல உயரத்தில் பளிச்சென்று நின்றது. தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி வெள்ளிக்குத் திருப்பினேன். இது பிறைபோலத் தெரியும், இந்தக் கண்ணாடி எதையும் தலைகீழாகக் காட்டும், பயப்படாதீர்கள் என்று பெண்களிடம் சொன்னேன். அப்போது கீழே கஞ்சிக் குவளையோடு ஜைனபு கூப்பிட்டாள். வாங்கிக்கொள்ளப் படிவரை போனேன்.

அந்த அரை நிமிஷத்தில்தான் மைமூன் அம்மாள் மாடிக்கு வந்தார். நான் பெண்களிடம் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அவர் வந்தது பிறை பார்க்க. அங்கே வானத்தைப் பார்த்து ஒரு குழாய் நிற்கிறது. குனிந்து கண்ணை வைத்தார்.

"யா அல்லாஹ்! பிறை! பிறை தெரியுது!"

அந்தத் தெருவில் பிறை பார்ப்பதில் மைமூன் அம்மாள் கண்ணுக்கு மறுபேச்சு இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பக்கத்து மாடிக்காரி அடுத்த மாடிக்குச் சொன்னாள். அது எதிர்வரிசைக்குத் தாவியது. கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த ஜைனபுவின் கணவர் காதர், உம்மா பார்த்துவிட்டார் என்று கேட்டதும் பள்ளிவாசலை நோக்கி வேகமாக நடந்தார். அங்கே சாட்சி கேட்டு ஏற்றுக்கொண்டால் நகரா முரசு அடிப்பார்கள். நகரா அடித்தால் நாளை பெருநாள்.

கஞ்சிக் குவளையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஜைனபு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு நான் வாய் திறந்து சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முந்தின நாள் மாலையே அமாவாசை முடிந்துவிட்டது. ஒரு நாள் வயதுள்ள நிலா அந்த மேகத்துக்குப் பின்னால் இருக்கத்தான் செய்கிறது. நாளை பெருநாள் என்று அறிவித்தால் வானக் கணக்குப்படி குற்றமில்லை. யாருக்கும் தெரியாது, வகுப்பும் பிழைக்கும். ஆனால் விடை சரியாக இருந்து வழி தப்பாக இருக்கும் கணக்குக்கு நான் இத்தனை வருஷமாக ஒரு மார்க்கும் போட்டதில்லை. அதோடு அந்த அம்மாள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லப் போகிறார், அதுவும் என் குழாயை நம்பி.

"அம்மா, நீங்க பாத்த பிறை எந்த எடத்துல இருக்குன்னு கொஞ்சம் கையால காட்டுங்களேன்" என்றேன்.

"இந்தா, இதுக்குள்ளதான்."

"குழாயை விட்டுடுங்க. வானத்துல காட்டுங்க."

அவர் குழாய் நீட்டிய திசையிலேயே கையை நீட்டினார். விரல் நுனி அடிவானத்துக்கு வெகு மேலே போய் நின்றது. கையை நீட்டி முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளந்தால் மூன்றரை முஷ்டி உயரம் இருக்கும். விரலுக்கு நேரே ஒரே ஒரு பிரகாசமான புள்ளி.

"அது அந்திவெள்ளில்ல?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "ரெண்டு மாசமா தெனம் பாக்குறேனே. மொதப் பிறை எங்கயாவது அம்புட்டு ஒசரத்துல நிக்குமா?"

தப்பு என்னுடையது, உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஜைனபு கீழே ஓடி யாரையாவது அனுப்பப் பார்த்தாள். அதற்குள் மைமூன் அம்மாள் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போய்விட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டாத அந்தக் குரலால் கூப்பிட்டார்.

"காதரு! ஏய் காதரு! நில்லுடா! நான் பாத்தது வெள்ளி! பிறை இல்லை! போயி சொல்லிப்புடாத!"

தெரு முனையில் காதர் நின்றது தெரிந்தது. எதிர்மாடியில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு மாடியில், "மைமூன் ராத்தாவுக்கே கண்ணு மங்கிருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. நகரா ஒலிக்கவில்லை. தப்பித்தோம் என்று நிம்மதி வந்தது. ஆனால் அந்த நிம்மதி பாதிதான். ஊர் பேசும்படி ஒன்று நடந்துவிட்டது. ஜைனபு பெண்களின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மைமூன் அம்மாள் திரும்பி வந்தார். யாரையும் திட்டவில்லை. மறுபடி குழாயில் கண் வைத்து ஒரு நிமிஷம் போலப் பார்த்தார்.

"வெள்ளிதான். ஆனா பிறையாத்தானே இருக்கு. நான் பொய் சொல்லலையே?"

"இல்லீங்கம்மா. அது பிறைதான். வெள்ளியோட பிறை."

"அப்ப இதுவும் தேயுமா? வளருமா?"

அடுக்களையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வரவழைத்தேன். அரிக்கேன் விளக்கைச் சூரியன் என்று வைத்துக்கொண்டு பழத்தை விளக்குக்கும் அவர் முகத்துக்கும் நடுவே மெல்லக் கொண்டுவந்தேன். வெளிச்சம் பட்ட பக்கம் விளக்கைப் பார்த்தே இருந்தது. பழம் நெருங்க நெருங்க இருட்டுப் பக்கம் அவரைப் பார்க்கத் திரும்பியது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் பிறை மிஞ்சியது. உருண்டையாக இருந்தால்தான் இப்படித் தேய முடியும் என்றேன். புள்ளியை எப்படி உருண்டை என்று நம்புவது என்று கேட்ட பெண், "ஓ" என்றாள். ஜூன் கடைசியில் வெள்ளி சூரியனோடு சேர்ந்து கண்ணுக்கு மறையும், ஜூலையில் விடியற்காலையில் கிழக்கே வரும் என்றும் சொல்லிவைத்தேன். அதையெல்லாம் மைமூன் அம்மாள் கேட்டாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஏழு மணி இருக்கும். மைமூன் அம்மாள் மேற்கே பார்த்தபடி அசையாமல் நின்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். என் தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் மூடியைப் போட்டார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. வானத்தைப் பாருங்க. நான் எங்கேன்னு காட்ட மாட்டேன். ஒருத்தி பாத்தா இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது. பாத்தவ எங்கிட்ட வந்து காதுக்குள்ள சொல்லிட்டு, எடத்தைக் கையால காட்டணும்."

முதலில் வந்தவள் வரிசையில் கடைசியாக நின்ற பெண். மேகத்தில் கத்தி கீறினாற்போல ஒரு இடைவெளி. அதற்குள் அடிவானத்துக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் நகக்கீற்று மாதிரி, படகுபோல மல்லாந்து கிடந்தது பிறை. அடுத்தவள் வந்தாள். அதே இடம். ஒவ்வொருத்தியாக ஆறு பேரும் வந்து அதே இடத்தைக் காட்டினார்கள். ஜைனபு ஏழாவது. என்னையும் விடவில்லை, எட்டாவதாக நானும் அவர் காதில் சொன்னேன்.

அப்புறம்தான் அவர் கைப்பிடிச் சுவருக்குப் போனார்.

"காதரு! இப்பப் போ! ஒம்பது பேரு பாத்தோம்! வெறுங்கண்ணால!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, எல்லா மாடியும் மேற்கே திரும்பியது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் சத்தம் எழுந்தது. ஐந்தாறு நிமிஷத்தில் நகரா ஒலித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மைமூன் அம்மாள் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் பார்த்ததை மற்றவர் தனித்தனியே பார்த்து உறுதி செய்வதுதான் விஞ்ஞானம் என்று நான் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் நடத்தியதில்லை.

ஜைனபு மெல்ல, "மாமி, நாளைக்கழிச்சு வகுப்பு..." என்று இழுத்தாள்.

"ஊரு பேசும்தான். பேசட்டுமே. பேசினதை நானே திருத்திச் சொன்னேன்ல?" என்றார் அவர். பிறகு என்னிடம், "மூடியைத் திறங்க டீச்சரம்மா. வியாழனும் இருக்குன்னு சொன்னீங்களே."

உச்சிக்கு அருகே வியாழன் இருந்தது. சிறு தட்டுபோல அதன் உருவமும், ஒரே கோட்டில் அதன் நிலாக்களும் தெரிந்தன. பக்கத்தில் இருந்த மகம் நட்சத்திரத்தைக் காட்டினேன். அது கண்ணாடியிலும் புள்ளியாகவே நின்றது. நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று புரியவைக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. மறுநாள் பெருநாள் சாப்பாடு முடித்து, மாலை வண்டியில் ஊர் திரும்பினேன். பெட்டி பத்திரமாக அலமாரிக்குப் போனது. தலைமையாசிரியை கண்ணாடியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலைக் கிரகங்களுக்குக் கடற்கரை தேடிப் போகாதீர்கள். இந்தக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது, மாலைக்கு மேற்கு திறந்த மாடிதான் வேண்டும். கண்ணாடி தலைகீழாகக் காட்டும் என்பதைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும், தாமதமாக வருபவருக்கும், முதலிலேயே சொல்லுங்கள். முதலில் வெறுங்கண்ணால் இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு குழாயைக் கொடுங்கள். பிறை பார்க்கிற நாளில் அந்த வீட்டுக்குப் போகலாம், ஆனால் பிறை கண்டபிறகு பெட்டியைத் திறங்கள். போக வர, வண்டிச் சத்தம் உட்பட, எனக்கு இரண்டு ரூபாய் பன்னிரண்டு அணா ஆயிற்று.

போன வாரம் ஜைனபுவின் கடிதம் வந்தது. வகுப்பில் இப்போது ஒன்பது பெண்களாம். ஜூன் கடைசியில் அந்திவெள்ளி காணாமற்போனதிலிருந்து மைமூன் அம்மாள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் விடியற்காலை ஒன்பது பேரையும் வீடு வீடாக எழுப்பி மாடிக்குக் கூட்டிவந்திருக்கிறார். எங்கே என்று யாருக்கும் காட்டவில்லை, ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லவும் விடவில்லை. ஒன்பது கைகளும் தனித்தனியே கடல் பக்கம் நீண்டனவாம்.